புடவைப் பொட்டணியோடு வந்த நடேசய்யர்

கொஞ்சம் நீளமான பதிவு, நேரமிருக்கும்போது வாசியுங்கள்.

விநோத உடைப் போட்டி எப்படி நடக்கும் என்று தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கிறவர்களுக்குத் தெரியும். கண்மையால் மீசை வரைந்த இரண்டு பாரதியார் வருவார்கள். பிறகு தடியோடு ஒரு காந்தி. ஆளுக்கு இரண்டு வசனம், கைதட்டல், பரிசு. பாரதியாராக வந்த பிள்ளையிடம் அடுத்த வாரம் பாரதியார் எந்த ஊர் என்று கேட்டால் பேந்தப் பேந்த முழிக்கும்.

இந்தத் தவணை தரம் 9 பிள்ளைகளோடு வேறு மாதிரி செய்து பார்த்தோம். நாங்கள் இரண்டு பேர். ஒருவருக்கு வரலாறு, மற்றவருக்கு நாடகமும் அரங்கியலும். ஆட்களை மலையகத்திலிருந்தே எடுப்பது என்று முடிவு செய்தோம். முதலில் கோதண்டராம நடேசய்யர்.

அவரைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். 1921இல் 'தேசநேசன்' என்ற தமிழ் நாளிதழை நடத்தினார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் அமைத்து, ஹட்டனில் இருந்து வேலை செய்தார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். இதையெல்லாம் கரும்பலகையில் எழுதினால் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆனால் இன்னொரு விஷயத்தைச் சொன்னதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தக் காலத்தில் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. லயத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக நடேசய்யர் புடவை வியாபாரி வேடம் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

"அப்ப அவரே நடிச்சிருக்காரு, சேர்!"

நடித்ததோடு நிற்கவில்லை. பின்னாளில், 1937இல், 'இராமசாமி சேர்வையின் சரிதம்' என்று நாடகமும் எழுதினார்.

நடிப்பு இந்தப் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. மாசியில் காமன் கம்பம் ஊன்றினால் ரதி மதன் ஒப்பாரி வரை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தப்புச் சத்தம் கேட்டாலே கால் தானாக ஆடும். கல்வியியற் கல்லூரியில் நாங்கள் படித்த அரங்கப் பயிற்சிகளில் பாதியை இவர்கள் லயத்து வாசலிலேயே பழகியிருக்கிறார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. பாத்திரம் பிரித்தபோது பதினொரு பேர் துரை வேடம் கேட்டார்கள். இடுப்பில் கை வைத்து, காலை அகட்டி நிற்பதை அப்படியே செய்து காட்டினார்கள். எங்கே பார்த்துப் பழகினார்களோ! கங்காணிக்கு நான்கு பேர். தொழிலாளியாக நிற்க ஒருவரும் இல்லை.

மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களின் கழுத்தில் தோட்டத்துக்கு உரிய எழுத்தும் எண்ணும் பொறித்த தகரச் சீட்டுத் தொங்கும். பால்மா டின் மூடியை வெட்டி அதையும் செய்து வைத்திருந்தோம். ஒரு பையன் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மேசையிலேயே திருப்பி வைத்தான். "சேர், எங்கம்மா மலையிலருந்து நேரா பாக்க வருவாங்க. அவங்க முன்னுக்கு நான் இத மாட்டிக்கிட்டு நிக்க மாட்டேன்."

நாங்கள் வற்புறுத்தவில்லை. அவனையே நடேசய்யராகப் போட்டோம்.

இனி அவன் புடவை வியாபாரியாக நடக்க வேண்டும். எப்படி நடப்பது? இங்கேதான் எங்கள் வீட்டுக் கதை உதவியது. எங்கள் மூத்தவாப்பா புடவைப் பொட்டணியைத் தோளில் போட்டுக்கொண்டு லயம் லயமாக ஏறியவர். முதுகு எந்தப் பக்கம் சாயும், படியில் எந்தக் கால் முதலில் வரும், பொட்டணியை அவிழ்ப்பதற்கு முன் தண்ணீர் கேட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள் என்பதெல்லாம் வாப்பா சொல்லிக் கேட்டவை. அதை அப்படியே சொல்லிக் கொடுத்தோம்.

முதல் ஒத்திகையில் பையன் பொட்டணியை அவிழ்த்தான், புடவை விலை சொன்னான், அப்படியே நின்றுவிட்டான். வியாபாரப் பேச்சிலிருந்து சம்பளப் பேச்சுக்கு எப்படி வருவது? பக்கத்தில் கங்காணி வேறு நிற்கிறான். நாங்கள் வசனம் எழுதிக் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவனே கண்டுபிடித்தான். "இப்ப காசு வேணாக்கா. சம்பளம் எப்ப போடுவாங்க? கையில எவ்வளவு வரும்?"

எதிரே இருந்த பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை. "சேர், எவ்வளவு வரும்?" என்று எங்களிடம் திரும்பினாள். அன்றைக்குத்தான் கங்காணிக் கடன் பாடம் நடந்தது. வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கணக்கில் ஏறும். வேறு தோட்டத்துக்குப் போவதென்றால் கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். 1921இல் சட்டத்தால் துண்டை ஒழித்தார்கள், கடன் ஒழியவில்லை. போன வருடமும் இதே பாடத்தைப் படிப்பித்தோம். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

தொழிலாளிகள் இல்லாத சிக்கலையும் அந்தப் பையன்தான் தீர்த்தான். ஒரு நாள் பொட்டணியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினான்: "லயத்துல ஒருத்தருமே இல்லன்னா நான் யாரப் பாக்க வாறது?" துரை வேடம் கிடைக்காதவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் இரண்டு பேர் தகரச் சீட்டை எடுத்தார்கள். பிறகு ஏழு பேர்.

ஒத்திகை பார்க்க வந்த ஒரு பாட்டி, கூடைக் கயிறு நெற்றிக்கு வராது, உச்சந்தலையில் உட்கார வேண்டும் என்று எழுந்து வந்து சரிசெய்தார். படங்கைத் தானே கட்டியும் விட்டார். அரங்கியல் படித்த எங்களுக்கு அந்தக் கயிற்றின் இடம் தெரிந்திருக்கவில்லை.

மேடையேற்றம் நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். மீனாட்சியம்மையாக வந்த மாணவிக்குத்தான் பலத்த கைதட்டல். நடேசய்யரின் மனைவி, கூட்டங்களில் தொழிலாளருக்காகத் தானே பாட்டெழுதிப் பாடியவர். ஒலிவாங்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெறும் குரலில் பாடினாள். அந்தப் பையனின் அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து கடைசி வரிசையில் நின்று பார்த்தார். மகனிடம் என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை.

அடுத்த தவணைக்கு யார் என்று சண்டை நடக்கிறது. ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை உருவாக்கிய அப்துல் அஸீஸை எடுக்கலாம் என்பது எங்கள் விருப்பம், வெளிப்படையாகவே சொல்லிவிட்டோம். பிள்ளைகளோ 1940 ஜனவரியில் முல்லோயாவில் பொலிஸ் சூட்டில் இறந்த கோவிந்தனைக் கேட்கிறார்கள். சுட்ட பொலிஸ்காரராக நிற்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அது முடிவாகும் வரை சி.வி. வேலுப்பிள்ளையைத் தொடங்குகிறோம். மடக்கொம்பரையில் பிறந்து 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போன கவிஞர்.

அவருக்கு ஒரு பழைய கோட் வேண்டும். ஹட்டன், கொட்டகலைப் பக்கம் யார் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, தைத்துக்கொள்கிறோம்.