நடவாதோர் கண்ட வனம்

வனத்தைக் காண்பதற்கு வலிய கால்கள் வேண்டும் என்றோர் எண்ணம் நம்மவரிடையே ஊறிப்போயிருக்கிறது. மூட்டுவலி கண்ட ஓய்வுபெற்ற ஆசிரியரும், நாற்று நட்டே முதுகு வளைந்துபோன கிழவியும், "இனி நமக்கேன் அதெல்லாம்?" என்று ஒதுங்கிவிடுகின்றனர். உண்மையோ வேறு. இலங்கையின் தேசியப் பூங்காக்கள் பெரும்பாலானவற்றில் நடப்பதற்கே அனுமதியில்லை. யாலையிலும் வில்பத்திலும் குமணையிலும், குறித்த சில இடங்களிலன்றி, வாகனத்தை விட்டு இறங்கலாகாது என்பது விதி. அதற்கு ஒரு விலக்குண்டு. ஆண்டுதோறும் கதிர்காம உற்சவத்தையொட்டி உகந்தையிலே காட்டுவழி திறக்கப்படும்போது, குமணையையும் யாலையையும் ஊடறுத்து, பலநாள், வெறுங்காலுடன் நடந்து போகிறவர்கள் நம்முடைய தாய்மாரும் பாட்டிமாருமே. அவர்களைப் பார்த்த பின்னர், நடக்க வல்லவர் யார், மாட்டாதவர் யார் என்று வகுப்பதில் நாம் சற்று நிதானம் காட்டவேண்டும்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் எங்களுக்கு அணித்தேயுள்ள பெரும் பூங்காக்களுள் ஒன்று கல்லோயா. கல்முனை, காரைதீவு வழியாக அம்பாறையை அடைந்து, அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் சென்றால் இங்கினியாகலை. நாங்கள் ஐவர், ஒரு வானை வாடகைக்குப் பேசி, விடியுமுன்னரே புறப்பட்டோம். எங்களுள் இருவர் அறுபதைக் கடந்தவர்கள். மூன்றாமவர் எங்களில் ஒருவருடைய பெரியம்மா. படுவான்கரையைச் சேர்ந்த விவசாயக் குடும்பத்தினர். முழங்கால் நோயினால் கோயில் வீதியைச் சுற்றுவதற்கே அஞ்சுகிறவர்.

இங்கினியாகலையில் காடு காண்பது படகிலிருந்துதான். சேனநாயக்க சமுத்திரம் என்னும் நீர்த்தேக்கம், இலங்கையிலேயே மிகப் பெரியது. அதன் நீரேந்து பகுதியைப் பாதுகாக்கும் பொருட்டு 1954ஆம் ஆண்டிலே அமைக்கப்பட்டது இப்பூங்கா. பரப்பு ஏறத்தாழ 26,000 ஹெக்டேயர். கரையிலே பெரியம்மாவை இருவர் தோள்கொடுத்துப் படகில் ஏற்றியதோடு அன்றைய உடலுழைப்பு முடிந்தது. அப்பால் காட்சிகள் தாமாகவே வந்தன. மூழ்கிய குன்றுகளின் உச்சிகளே இன்று தீவுகளாய் நிற்கின்றன. பட்டமரக் கொம்புகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. அவற்றுக்கு மேலே ஒரு கடற்கழுகு. கடலுக்கு இத்தனை தொலைவில் அதற்கென்ன வேலை என்று வியந்தோம், மீன் உள்ள இடமே அதற்குக் கடல் போலும். கோடைகாலத்தில் நீர் வற்ற வற்றக் கரையோரம் இளம்புல் தளிர்க்கிறது. அதை மேய யானைகள் இறங்கி வருகின்றன. தீவுக்குத் தீவு அவை நீந்துவதும் உண்டு. நாங்கள் அதைக் கண்டோம். மூன்று கரிய முதுகுகளும், நீருக்கு மேல் தூக்கிய மூன்று தும்பிக்கைகளும். படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். மூச்சு விடும் ஓசை கேட்டது.

அந்த மௌனத்திலேதான் பெரியம்மா வாய் திறந்தார்: "இதப் பாக்கவா மனே இவ்வளவு காசு குடுத்து வந்தம்? எங்கட வட்டைக்குள்ள ராவில வந்து நிண்டா ஒரு சதமும் கேக்காதே!"

சிரித்தோம். ஆனால் சிரித்து முடிக்க இயலவில்லை. படுவான்கரையின் பல ஊர்களிலே, வேளாண்மை குடலைப் பருவம் எய்திவிட்டால், உறக்கம் என்பது முறைபோட்டுக்கொள்ளும் பண்டமாகிவிடுகிறது. வாடியிலே ஒருவர் விழித்திருக்க வேண்டும். யானைவெடி கைவசம் இருக்க வேண்டும். மின்சார வேலியையும் மீறி வருகின்றன. வீட்டுச் சுவரை இடித்து நெல்மூடையை இழுத்துச் செல்வதும் புதுமையன்று. 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட யானைகள் மாண்டன. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மனிதர் யானையால் உயிரிழந்தனர். யானைக்குப் பூங்காவின் எல்லைக்கல் தெரியாது. அதனைப் பகலிற் கண்டு களிப்பவர் ஒருவர், இரவிற் கண்டு நடுங்குபவர் மற்றொருவர் என்ற பங்கீட்டை யானையா செய்தது?

சிறிது நேரங் கழித்துப் பெரியம்மாவே சொன்னார்: "ஆனா பகல்ல, இப்பிடிப் பயமில்லாமப் பாக்கக்குள்ள வடிவாத்தான் இருக்கு." அறுபத்தெட்டு வயதில் முதன்முறையாக யானையை அவர் அமைதியாகப் பார்த்தார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே வான் வாடகை தகும்.

படகோட்டி பறவைகளின் பெயரையெல்லாம் நன்கறிந்தவர். நீருக்கடியில் இருப்பதைப்பற்றி அவரிடம் எவரும் கேட்பதில்லை போலும். நம்மவர் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிய ஆறு இது. அமெரிக்காவின் தெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையை முன்மாதிரியாகக் கொண்டு 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. அமெரிக்கக் கம்பனியொன்று அணையைக் கட்டியது. நாட்டின் முதற் பிரதமரின் பெயர் நீருக்குச் சூட்டப்பட்டது. அணைக்கு மேலே, வேடர் தேனெடுத்த பாறைகளும் வேட்டையாடிய காடுகளும் மூழ்கின. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடரைப்பற்றிய பெருநூலில் எழுதிய தனிகல, ஹெனபெத்த வேடர் வாழ்ந்த பக்கம் இதுவே. அணைக்குக் கீழே பல்லாயிரம் ஏக்கர் வயல் விளைந்தது. நிலமற்ற ஏழைகள் நிலம் பெற்றனர். இதனை நாம் மறுக்கவில்லை. பசித்தவனுக்கு நிலம் கொடுத்தது தவறென்று எவன் சொல்வான்? ஆனால் குடியேற்றம் இனக் கணக்குப் பார்த்து நடந்ததென்ற மனக்கசப்பு வளர்ந்தது. 1956 ஜூனில் அதே கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர் பலர் கொல்லப்பட்டனர். 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாயிற்று. இந்த நீரில் இத்தனையும் கலந்திருக்கிறது.

அன்று நாங்கள் காணாதது நில்கலப் பக்கத்துப் புல்வெளி. கடுக்காய், தான்றி, நெல்லி மூன்றும் அங்கே தாமாகவே வளர்ந்து நிற்கின்றன. திரிபலாவுக்கு நம் வைத்தியர்கள் தேடும் மூன்றும் ஒரே காட்டில். படகு அங்கே போகாது. இரத்துகலையில் இன்றும் வாழும் வேடருட் சிலர் பயணிகளை அழைத்துச் சென்று மூலிகையும் தேன்கூடும் காட்டுகின்றனர். தம் முன்னோர் காட்டில் அவர்கள் இன்று வழிகாட்டிகள்.

இனி, தடையென்பது எது? கால் அன்று. உள்நாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவர் செலுத்துவதில் ஒரு சிறு பங்குதான். ஆயினும் வான் வாடகையும் படகுக் கூலியும் சேர்ந்தால், கூலிக்கு வெட்டுபவரின் குடும்பம் அதனை நினைத்தும் பார்க்காது. எங்களால் ஐவராகப் பங்கிட்டுக்கொள்ள முடிந்தது, அவ்வளவே. அம்பாறையிலிருந்து காலைப் படகுக்கு இசைந்த நேரத்தில் ஒரு பஸ், நீர் இறங்கிய காலத்திலும் முதியோர் ஏறத்தக்க கைபிடியுள்ள ஒரு மரப்பாலம், படுவான்கரைப் பள்ளிக்கூடங்களின் பிள்ளைகளுக்கு ஆண்டில் ஒருநாள் கட்டணமில்லாப் படகு: இவை கேட்கத்தக்க பெரிய கோரிக்கைகளா? இரவெல்லாம் யானைக்குக் காவல் இருந்த தகப்பனின் பிள்ளை, பகலில் அது தன் கன்றைக் குளிப்பாட்டுவதை ஒருமுறை பார்க்கட்டும்.

திரும்பும் வழியில் சம்மாந்துறை வயல்களுக்கு வாய்க்காலில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா வானின் கண்ணாடியை இறக்கி, கதிரின் நிறத்தைப் பார்த்து, அறுவடைக்கு இன்னும் எத்தனை நாள் என்று கணக்கிட்டார்.