44 வயசுல எட்டுச் சக்கரம்!

மணவாள நகர்ல ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல தூங்கி வழியுற அங்கிள்களைப் பார்த்திருப்பீங்க. அதுல ஒருத்தன் நான். ஞாயித்துக்கிழமை காலையில ஸ்கேட்டிங் பழகுறதும் நான்தான். சிரிச்சுக்கோங்க ஃப்ரெண்ட்ஸ், பழகிடுச்சு!

அப்பாவுக்குச் சர்க்கரை வந்தப்ப வயசு 45. எனக்கு 44-லயே ரிசல்ட் 'பார்டர்'. "தினமும் உடம்பு அசையணும்"னார் டாக்டர். வாக்கிங் ரெண்டே வாரத்துல போரடிச்சது. மகளோட ஸ்கேட்டிங் கிளாஸ்ல ஓரமா உட்கார்ந்திருந்தவன், டாக்டரைக் கேட்டுட்டு நானும் ஒரு ஜோடி வாங்கிட்டேன்.

நம்ம சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார், 2025 செப்டம்பர்ல சீனாவுல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல 1,000 மீட்டரை 1 நிமிஷம் 24.924 விநாடியில முடிச்சுத் தங்கம் ஜெயிச்சார். ஸ்பீடு ஸ்கேட்டிங் சீனியர் பிரிவுல இந்தியாவோட முதல் உலகத் தங்கம் அது. அந்த நேரத்துல எனக்கு ஒரு ஷூ மாட்டி முடியாது!

இங்கே முதல் பாடம் ஓடுறது இல்லை, விழுறது. முட்டியை மடக்கி, முன்பக்கமா சாஞ்சு, முட்டிக் கவசத்து மேல விழணும். பின்பக்கம் விழுந்தா இடுப்பும் தலையும் அவுட். அதனால ஹெல்மெட், மணிக்கட்டுக் கவசம் எல்லாம் கட்டாயம். லாரி ஓடுற ரோடு வேண்டவே வேண்டாம்.

உங்க வீட்லயும் டி.வி. முன்னாடி ஒரு அப்பா உட்கார்ந்திருப்பார். அவருக்கு அட்வைஸ் பண்ணாதீங்க. கையைப் பிடிச்சு கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. உங்க சைக்கிள் சீட்டைப் பிடிச்சுக்கிட்டே மூச்சிரைக்க ஓடி வந்தவர் அவர்தானே!