கேட்டெழுதலும் குறியிடலும்

தொழிலை மாற்றிக்கொள்ளுதல் இல்லத்தை மாற்றிக்கொள்ளுதலினும் கடினமானது. இல்லம் மாறுவோன் தன் பாத்திரம் பண்டங்களை உடன்கொண்டு செல்லலாம். தொழில் மாறுவோனோ, பல்லாண்டு பாடுபட்டுத் தேடிய தேர்ச்சியில் எதைக் கொண்டுசெல்வது, எதை விட்டுச்செல்வது என்று முதலில் ஆராய்தல் வேண்டும். விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்தனுப்புமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, கல்லூரியின் பழம்பெருமையை மற்றையோர் நம்மினும் நன்றாக எழுதுவர் என எண்ணி, இப்போது நம் முன் நிற்கும் வினாவொன்றையே எழுதத் துணிந்தோம். மெடிக்கல் ட்ரான்ஸ்கிரிப்ஷன் எனும் கேட்டெழுதும் தொழிலை விட்டு, மெடிக்கல் கோடிங் எனும் குறியிடும் தொழிலுக்குச் செல்வதா, அன்றி இருந்த இடத்திலேயே இருப்பதா என்பதே அவ்வினா. இளைஞர் பலர் இவ்விரண்டையும் பற்றி நம்மிடம் உசாவுவதால், இது நமக்கு மட்டும் உரிய வினாவன்று.

நம் கல்லூரி போன்றவற்றில் ஆங்கிலம் கற்று மலைநாடு ஏறியோர் முற்காலத்திலும் இருந்தனர். வெள்ளைக்காரத் துரைமார் காலத்துத் தோட்டங்களிற் கிளாக்கராகவும் டிஸ்பென்சராகவும் வடக்கிலிருந்து வந்து பணிபுரிந்தோர் பலர். கொழுந்து பறிக்கும் பெண் தமிழிற் சொன்ன நோவை ஆங்கிலத்தில் ஏட்டிற் பதிந்தவர் அந்த டிஸ்பென்சர். இன்று ஹற்றனில் ஓர் அறையிற் கணினி முன் அமர்ந்து, அமெரிக்க மருத்துவர் சொல்வதைக் கேட்டெழுதும் நாமும் அவர் வழிவந்தவரே. நோயாளி இருக்கும் தேசம் மாறியதேயன்றி, நோவையும் ஏட்டையும் இணைக்கும் வேலை மாறவில்லை.

இத்தொழிலை அறியாதார்க்கு அதன் இயல்பைச் சிறிது கூறுவோம். மருத்துவர் நோயாளியைப் பார்த்து முடித்ததும் தம் குறிப்பை வாயாற் சொல்லிப் பதிவுசெய்வார். அப்பதிவு இணையத்தின் வழி நம்மை வந்தடையும். காதிற் கேட்கும் கருவி. காலின்கீழ் ஒரு மிதி. மிதித்தால் ஒலி ஓடும். காலை எடுத்தால் நிற்கும். கேட்டதை முறைப்படி அறிக்கையாக்கி அனுப்புதல் நம் கடன். இடைவெளியும் உட்பட 65 எழுத்துகள் ஒரு வரி. வரிக்கு இவ்வளவென்று கூலி. நியூயோர்க் நகருக்கும் நமக்கும் கோடையில் 9½ மணி, மாரியில் 10½ மணி வேறுபாடு. ஆகவே அவர்களுடைய மாலைப்பொழுது நமக்கு நள்ளிரவு கடந்த சாமமாகும். “ஹைப்பர்” என்பதும் “ஹைப்போ” என்பதும் விரைந்த பேச்சில் ஒன்றுபோலவே ஒலிக்கும். முன்னதாற் குருதி அழுத்தம் மிகும், பின்னதாற் குறையும். “இலியம்” எனும் ஒரே ஓசை, ஆங்கிலத்தில் ஓரெழுத்து வேறுபாட்டாற் சிறுகுடலின் கடைப்பகுதியையும் இடுப்பெலும்பையும் குறிக்கும். எது பொருந்தும் என்பதைக் காது தீர்மானிப்பதில்லை. அறிக்கையின் முன்பின் அறிந்த அறிவே தீர்மானிக்கும். கல்லூரியின் விலங்கியற் கூடத்திற் பெற்ற கல்வி நமக்கு இங்ஙனம் சோறு போட்டது.

அச்சோற்றுக்கு இப்போது ஒரு பங்காளி தோன்றியுள்ளான். பேச்சைக் கேட்டுத் தானே எழுதும் கணினி முறை முதலில் நமக்கு நகைப்பையே தந்தது. பின்னர் நாளுக்கு நாள் திருந்தியது. நோயேடுகளைக் கணினியில் வைத்திருக்குமாறு மருத்துவர்களை ஊக்கி அமெரிக்காவில் 2009 ஆம் ஆண்டிற் சட்டமும் வந்தது. அதன்பின் மருத்துவர் பலர் தாமே தட்டெழுதலாயினர். இன்று நம்மிடம் வருவன பெரும்பாலும் பொறி எழுதிய பிரதிகளே. அவற்றைத் திருத்துதற்கு வரிக்கூலி குறைவு. வேண்டிய கவனமோ அதிகம். மனிதன் விடும் பிழை கண்ணில் உறுத்தும். பொறி விடும் பிழை செம்மையான வாக்கியத்துள் ஒளிந்திருக்கும். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை ஒட்டி ஏறியது. அதே மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டும் இருந்தது. மின்சாரம் வரும் சாமத்தை எதிர்பார்த்து விழித்திருந்து வேலைசெய்தோமாயினும், டொலரிற் கூலி பெற்றமையாற் குடும்பம் தாங்கியது. நாணயத்தின் வீழ்ச்சி கூலியின் வீழ்ச்சியைச் சிறிது காலம் மறைத்தது. அரிசியும் பால்மாவும் விலையேறியபின் அம்மறைப்பு நீங்கிற்று.

இனி மற்றைத் தொழிலைக் காண்போம். நோய்களுக்கெல்லாம் உலகம் முழுதும் ஒரே வரிசை வகுத்தல் வேண்டும் என்னும் எண்ணம் பழையது. பாரிஸ் நகரப் புள்ளிவிவரப் பணியைச் சேர்ந்த பெர்ட்டியோன் என்பார் 1893 ஆம் ஆண்டிற் சிக்காகோவிற் கூடிய சர்வதேச மாநாட்டில் மரணக் காரணங்களின் பட்டியலொன்றைச் சமர்ப்பித்தார். 1948 இல் வந்த ஆறாம் திருத்தத்தை உலக சுகாதார நிறுவனம் ஏற்று நடத்தியது. மரணக் காரணங்களோடு நோய்களும் அதில் விரிவாக இடம்பெற்றன. பத்தாம் திருத்தம் 1990 இலும், பதினோராம் திருத்தம் 2019 இலும் ஏற்கப்பட்டன. அமெரிக்கர் பத்தாம் திருத்தத்தைத் தம் தேவைக்கேற்ப விரித்து 2015 ஒக்டோபரில் நடைமுறைக்குக் கொணர்ந்தனர். ஏறத்தாழ 14,000 ஆக இருந்த நோய்க் குறிகள் அன்றுமுதல் 70,000 அளவாயின. மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, அவற்றுட் பொருந்தும் குறியைத் தேர்ந்து இடுவோர்க்கே காப்புறுதிக்காரர் பணம் கொடுப்பர்.

மலைநாட்டார்க்கு விளங்கும் உதாரணம் ஒன்று கூறுவோம். மலையிற் கொழுந்தெடுப்போரைக் குளவி கொட்டுதல் இங்கே அடிக்கடி நிகழ்வது. அதனால் உயிர் நீத்தோரும் உளர். உலகப் பொதுவான பத்தாம் திருத்தத்தில் குளவிக்கும் தேனீக்கும் சேர்த்து எக்ஸ் 23 என்பதே குறி. அமெரிக்க நூலிலோ, தற்செயலாகக் குளவி கொட்டி முதற்சிகிச்சை பெறுவோனுக்கு ரீ 63.461 ஏ; தேனீயாயின் ரீ 63.441 ஏ. மருத்துவர் “பூச்சி கடித்தது” என்று மட்டும் எழுதியிருப்பின், அது குளவிதான் என நாமாக ஊகித்து எழுதுதல் ஆகாது. அவரையே கேட்டல் வேண்டும். இன்னொரு விதியும் நோக்கத்தக்கது. “நியூமோனியாவாக இருக்கலாம்” என்று வெளிநோயாளர் குறிப்பில் இருந்தால் இருமலையும் காய்ச்சலையுமே குறித்தல் வேண்டும். விடுதியிலிருந்து வெளியேறும் நோயாளியின் இறுதிக் குறிப்பில் அவ்வாறிருந்தால் நியூமோனியா என்றே குறிக்கலாம். கேட்டெழுதுவோனுக்கு இரண்டும் ஒரே வாக்கியம். குறியிடுவோனுக்கு இரண்டு தீர்ப்புகள்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பதை நாம் மறந்தோமல்லோம். ஏஏபிசி எனும் அமெரிக்கச் சங்கத்தின் பரீட்சையில் 4 மணி நேரத்தில் 100 வினாக்களுக்கு விடையளித்து 70 வீதம் பெறல் வேண்டும். நூல்களைத் திறந்து பார்க்கலாமாயினும், நூலிற் பழகாதோனுக்கு நேரம் போதாது. அந்நூல்கள் ஆண்டுதோறும் மாறுவதால் ஆண்டுதோறும் வாங்குதல் வேண்டும்; விலையோ டொலரில். தேறினும், அனுபவமில்லாதவன் பெயரின் பின் பயிலுநன் எனும் அடையாளம் நிற்கும். சென்னையிற் பெரிய நிறுவனங்கள் பட்டதாரி இளைஞர்களை ஆயிரக்கணக்கில் இத்தொழிலிற் பழக்கி வைத்துள்ளன. நடுவயதிற் புகும் நாம் அவர்களோடு போட்டியிடுதல் வேண்டும். மேலும், எக்ஸ்றே முதலிய எளிய அறிக்கைகளுக்குப் பொறியே குறியிடத் தொடங்கிவிட்டது. ஓட்டைத் தோணியிலிருந்து இன்னோர் ஓட்டைத் தோணிக்குத் தாவுகின்றோமோ என்னும் ஐயம் நம்மைப் பல இரவுகள் வருத்தியது.

ஐயத்தைத் தீர்த்தவை இரண்டு. முதலாவது, இரு தொழில்களின் உள்ளியல்பு. கேட்டெழுதுவோன் தருவது மருத்துவரின் சொல். பொறி நன்றாகக் கேட்கப் பழகியபின் அவனிடம் எஞ்சுவது சிறிது. குறியிடுவோன் தருவது ஒரு தீர்ப்பு. அதன்மேற் பணம் கைமாறுகிறது. கணக்காய்வார் ஏன் இக்குறி என்று வினவும்போது விடைசொல்ல ஒருவன் வேண்டும். பொறி அவ்விடத்தில் வாய் திறவாது. எளியவற்றைப் பொறி கொண்டுபோயினும், சிக்கலானவை நெடுங்காலம் மனிதனிடமே நிற்கும் எனக் கொள்கின்றோம். உடற்கூறும் மருந்தும் நோய்ப்பெயரும் நாம் முன்னரே அறிந்தவை. விட்டுச்செல்வது காதின் பழக்கம் ஒன்றே.

இரண்டாவது, நம் ஊரைப் பற்றியது. இலங்கையில் இறப்புகளைப் பதிதல் 1867 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பரவலாயிற்று. இன்று நம் அரச வைத்தியசாலைகளின் விடுதி நோயாளர் விவரங்களும் பத்தாம் திருத்தத்தின்படியே குறியிடப்படுகின்றன. இந்திய உதவியால் 150 கட்டில்களோடு எழுந்து, 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமரால் திறந்துவைக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையிலும், நோயாளி தமிழிற் சொல்வதைச் சிங்களம் பேசும் மருத்துவர் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுதல் உண்டு. மூன்று மொழிகளுக்கும் குறி ஒன்றே. “இதயம் நின்றது” என்பது எவர் சாவுக்கும் பொருந்தும். ஆதலால் அதனை மூலகாரணமாக எழுதலாகாதென்பது விதி. குளவி கொட்டியதென்று ஏட்டில் ஏறினாலன்றி, மலையில் மாண்டவள் குளவியால் மாண்டோர் கணக்கில் வருவதில்லை. கணக்கில் வராத சாவைத் தடுக்க எவரும் பணம் ஒதுக்குவதுமில்லை. அயலார்க்காகக் கற்பது ஒருநாள் அயல்வீட்டார்க்கும் பயன்படக்கூடும் என்பது சிறிய ஆறுதலன்று.

ஆகவே மாறுவதென்றே முடிவுசெய்தோம், உடனே அன்று. இரவிற் கேட்டெழுதும் வேலை தொடரும். பகலில் இரண்டு மணி நேரம் படிப்பு. பரீட்சையிற் தேறி, குறியிடும் வேலையொன்று கைக்கு வரும்வரை பழைய மிதியிலிருந்து கால் எடுப்பதில்லை. வினவும் இளைஞர்க்கு நாம் கூறுவது இது: உயிரியல் கற்றீராயின், கேட்டெழுதலிற் தொடங்க வேண்டா, குறியிடலிற் தொடங்குக. சேரும்முன் உடற்கூறும் ஆங்கிலமும் செம்மைப்படுத்துக. பயிற்சிக்குப் பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு உறுதி தருவோரை நம்பி வீட்டு நகையை ஈடுவைக்க வேண்டா. அவர்களிடம் பயின்று வேலை பெற்றோர் இருவரைக் கண்டு பேசியபின்னரே பணம் கட்டுக. இத்தனையும் செய்தபின், அஞ்சாது செல்க.