பாசியைச் சுற்றிய கூட்டம்

மைசூரின் குக்கரஹள்ளி ஏரியில் தண்ணீர் பச்சை கட்டினால் நடைக்கு வருபவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிர்வாகத்தைத் திட்டுவார்கள். திட்டட்டும், நியாயம்தான். என் புத்தி மட்டும் அந்தப் பச்சையை யார் யார் மொய்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதிலேயே போய் நிற்கும்.

பச்சை என்பது பாசி, மொய்ப்பவை பாக்டீரியா. கடலை எடுத்துக்கொண்டால், நீர் ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய பத்து லட்சம் பாக்டீரியா என்று எழுதிவிடுகிறார்கள். உடனே நாம் அவை எங்கும் சமமாகப் பரவிக் கிடப்பதாக எண்ணிக்கொள்கிறோம். சராசரிக் கணக்கு இப்படித்தான் ஆளை ஏமாற்றும். பாசிச் செல் வெயிலில் சமைத்த சர்க்கரையிலும் அமினோ அமிலத்திலும் கொஞ்சம் வெளியே கசியவிடுகிறது. வாடை பிடித்து நீந்தத் தெரிந்த பாக்டீரியாக்கள், சாயங்காலம் சுருமுரி வண்டியைச் சூழ்கிற கூட்டம்போல வந்து சேர்கின்றன. சில ஒட்டிக்கொள்ளும், சில அருகிலேயே சுற்றித் திரியும். அந்த மெல்லிய வட்டத்தைத் தாண்டினால் பட்டினிதான். 1972-ல் பெல், மிட்செல் என்ற இருவர் கடல் பாக்டீரியாவை வைத்து இதை விளக்கினார்கள்.

எனக்குப் பிடித்தவர் அவர்களுக்கு முந்திய ஆள்: உட்ரெக்ட் நகரத்துப் பேராசிரியர் தியோடோர் எங்கெல்மான். 1882 வாக்கில் அவர் நுண்ணோக்கியின் அடியில் நூல்போன்ற பச்சைப் பாசி ஒன்றைக் கிடத்தி, அதன்மேல் குட்டி வானவில் ஒன்றை விழச்செய்தார். சுற்றிலும் ஆக்சிஜன் தேடி ஓடும் பாக்டீரியாக்கள். சிவப்பும் நீலமும் விழுந்த இடங்களில் அவை நெரிந்தன. பச்சை விழுந்த இடத்தில் அநேகமாக யாருமில்லை. எந்த நிற ஒளியில் பாசி அதிகம் உழைக்கிறது என்பதைக் கிருமிகளே காட்டிக்கொடுத்துவிட்டன. அவ்வளவு நுணுக்கமாக ஆக்சிஜனை அளக்க அன்று வேறு கருவி ஏது? கூட்டத்தையே அளவுகோலாக்கிய அந்தக் குறும்பு என்னை இன்னும் விடவில்லை.

இத்தனைக்கும் மனிதர் செல்லோ வாசிப்பவர். மனைவி எம்மா பியானோக் கலைஞர். குடும்ப நண்பரான இசையமைப்பாளர் பிராம்ஸ் தமது மூன்றாவது தந்தி நால்வர் இசையை 1876-ல் இவருக்கே காணிக்கையாக்கினார். கூடவே ஒரு கேலிக் கடிதமும் போட்டார்: இதில் செல்லோவுக்குத் தனி ஆவர்த்தனம் கிடையாது, ஆனால் வயோலாவுக்கு வரும் இடத்தைக் கேட்டால் நீர் வாத்தியத்தையே மாற்றிக்கொள்வீர் என்று.

மைசூர்க்காரனுக்கு இந்த யோசனை அவ்வளவாக ருசிக்காது. பெரிய சபையில் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டுமென்று நம்ம வயலின் வித்வான் சௌடய்யா வயலினை மாற்றவில்லை. அதற்கு ஏழு தந்தி மாட்டிக்கொண்டார்.