எந்தக் கல்யாணத்தில் சுழன்ற தட்டு?

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், ஏறக்குறைய பாதித் தொலைவில் திருக்கழுக்குன்றம். வேதகிரீசுவரர் மலையின் அடிவாரத்தில், தேர் வரும் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது நான் பார்க்கப் போன வீடு. திண்ணையில் துருவேறிய குழாய் ஒலிபெருக்கி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. வீட்டுக்காரரின் அப்பா இந்த வட்டாரத்தில் மைக் செட் வைத்திருந்தவர். அவர் விட்டுப்போன இசைத்தட்டுகளைக் காப்பாற்றத் தொடங்கிய மகன், இன்று பெரிய சேகரிப்பாளர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே அவர் ‘பெரியவர்’.

“உள்ள வாங்க தம்பி. பழசெல்லாம் பீரோவுல இருக்கு. சமீபத்துல வந்ததை மட்டும் உங்களுக்காக வெளிய எடுத்து வெச்சிருக்கேன்.”

கூடத்தில் மூன்று மரப்பெட்டிகள். எல்லாத் தட்டுகளும் செங்குத்தாக நின்றன. படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருப்பவை பாரம் தாங்காமல் வளையும், விரிசல் விடும் என்றார்.

முதல் பெட்டியில் இருந்தவை நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டுகள். செங்கல்பட்டில் ஒரு பழைய வீட்டை இடிக்கும்போது பரணிலிருந்து இறங்கியவை. ஒன்றைக் கையில் வாங்கினேன், நினைத்ததைவிடக் கனம். கருப்பாக வட்டமாக இருக்கும் எல்லாவற்றையும் இன்று வினைல் என்கிறோம். இவை வினைல் அல்ல, அரக்கு. கல்தூளையும் கரியையும் அரக்கோடு கலந்து அழுத்திச் செய்தவை. கை தவறினால் பீங்கான் போலச் சிதறும். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் முதலிய பாடகிகள் பாடியபோது இந்திய மண்ணில் பாட்டு தட்டில் ஏறத் தொடங்கியது. அப்போது பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய் அச்சாகிக் கப்பலில் திரும்பின. 1908இல்தான் கல்கத்தாவின் சியால்டாவில் தொழிற்சாலை வந்தது.

பெரியவர் ஒரு தட்டை எடுத்து, ஓரத்தை மட்டும் தொட்டுச் சுழல்மேடையில் வைத்தார். சாவி கொடுக்கும் பெட்டி அவரிடம் இருக்கிறது. ஆனால் அதன் எஃகு ஊசி ஒவ்வொரு முறையும் பள்ளத்தைக் கொஞ்சம் தின்றுவிடும் என்பதால் மின்சாரக் கருவியில்தான் போடுகிறார். அதிலும் 78க்குத் தனி ஊசி. எல்.பி. எனும் நீண்ட நேரத் தட்டின் ஊசிமுனையைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். மெல்லிய ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் உராய்ந்து இரைச்சலைத்தான் எடுத்துத் தரும்.

முதலில் இரைச்சல். பிறகு அதைக் கிழித்துக்கொண்டு எஸ்.ஜி. கிட்டப்பா. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது குரல் மெலியவே இல்லை. மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடிப் பழகிய தொண்டை. 1933 டிசம்பரில் இறந்தபோது அவருக்கு வயது 27. சினிமாவில் நடித்தவரில்லை. அந்தக் குரல் நமக்குக் கிடைத்ததே இப்படிப்பட்ட தட்டுகளால்தான். அதே பெட்டியில் அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி கே.பி. சுந்தராம்பாள். வைத்திருந்த குடும்பத்தார் இருவரையும் பிரிக்காமல்தான் வைத்திருந்தார்களாம். பெரியவரும் அந்த வரிசையைக் கலைக்கவில்லை.

அடுத்து டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, நாகஸ்வரத்தில். இரவெல்லாம் தோடி வாசித்தவர் என்று கொண்டாடப்பட்டவருக்குத் தட்டு கொடுத்த நேரம் பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம். பாதியில் எழுந்து தட்டைத் திருப்பிப் போட வேண்டும். ஆனாலும் குறைந்துபோனதாகத் தோன்றவில்லை. முதல் பிடியிலேயே ராகம் முழு உருவத்தோடு வந்து நின்றுவிடுகிறது. விரித்துப் பாடும் சங்கீதத்தைச் சுருக்கிச் சொல்லக் கற்றுக்கொடுத்ததில் இந்த மூன்று நிமிடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சில உறைகளில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்று அச்சிட்டிருந்தது. ஏ.வி. மெய்யப்பன் இந்தத் தட்டு வியாபாரத்திலிருந்துதான் படத்தயாரிப்புக்குப் போனார், ஏவி.எம். நிறுவனம் பிறந்தது 1945இல்.

“அதெல்லாம் விலை போகிற பொருள். எனக்கு முக்கியம் இதுதான்” என்று இரண்டாவது பெட்டியை நகர்த்தினார்.

மதுராந்தகம் பக்கம் மூடப்பட்ட ஒரு மைக் செட் கடையின் சரக்கு. ஏழு அங்குல ஈ.பி. தட்டுகள், நிமிடத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு இரண்டு பாட்டு. பாதிக்கு உறை இல்லை. நடுவிலிருக்கும் காகிதத்தில் வெள்ளைப் பெயின்டால் கடைக்காரரின் தலைப்பெழுத்து. ஒரே திருவிழாவுக்கு இரண்டு செட் வந்தால் தட்டு மாறிவிடக்கூடாதே! விலைக்கு வாங்குகிற சேகரிப்பாளர் இவற்றைக் கையால் தொடமாட்டார், அவ்வளவு கீறல்.

பெரியவர் அந்தக் கீறல்களைத்தான் காட்டினார். 1976இல் வந்த ‘அன்னக்கிளி’ தட்டு. இரண்டு பாட்டுக்கும் இடையிலுள்ள பட்டையில் சின்னச் சின்ன வெட்டுகள்.

“ராத்திரியில குண்டு பல்பு வெளிச்சத்துல ரெண்டாவது பாட்டு மேல குறிபார்த்து ஊசி வெச்சிருக்காங்க. கை ஆடினா இப்படித்தான் விழும். பாருங்க, முதல் பாட்டு இன்னும் பளபளன்னு இருக்கு. ரெண்டாவது வெளுத்தே போச்சு. ஜனங்க எதைத் திரும்பக் கேட்டாங்கன்னு இது சொல்லுதா இல்லையா?”

சொல்கிறது. எந்தப் பாட்டு எத்தனை வாரம் ஓடியது என்பதைப் பத்திரிகைகளில் தேடலாம். செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம் ஒன்று எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னது என்பதற்கு இந்தத் தேய்மானத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டுத் தட்டும் அப்படித்தான் வெளுத்திருந்தது. எந்த விசேஷமானாலும் செட்டில் முதலில் ஏறுவது அதுதான்.

மூன்றாவது பெட்டியில் எல்.பி.க்கள். எம்.எஸ். சுப்புலட்சுமியின் 1963ஆம் ஆண்டு வெங்கடேச சுப்ரபாதம், இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு ‘ஹவ் டு நேம் இட்’. இவை சென்னையிலிருந்து வந்தவை. 1985 மே மாதத்தில் மூர் மார்க்கெட் எரிந்தபின் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறிய பழைய பொருள் கடைக்காரர்கள் வழியாக ஒரு நண்பருக்குக் கிடைத்து, அவரிடமிருந்து இங்கே வந்திருக்கின்றன. கடற்காற்றின் ஈரத்தில் உறைகளில் பூஞ்சை பிடித்திருந்தது. தட்டுகள் நன்றாக இருந்தன.

கடைசியில் அவர் எடுத்து வந்தது ஒரு நீளமான கணக்கு நோட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வரி: தட்டின் எண், யாரிடமிருந்து வந்தது, எந்த ஊர், எந்த விசேஷத்தில் போட்டதாகச் சொன்னார்கள். நல்ல காரியத்துக்குப் போட்டது, சாவு வீட்டுக்கு மட்டும் எடுத்துப்போனது என்ற குறிப்புகளும் உண்டு. விற்றவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியது.

“இந்த மலைக்குத் தினம் மத்தியானம் கழுகு வந்ததைக் கண்ணால பார்த்தவங்க எத்தனை பேர் இருக்கோம்! இப்போ வர்றதில்ல. பார்த்தவங்க சொல்றதை யார் எழுதி வெச்சா? தட்டுக்காவது அப்படி ஆகக்கூடாதுன்னுதான்” என்றார்.

இந்த நோட்டுதான் அந்த வீட்டிலேயே பெரிய சொத்து என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டைக் காப்பாற்றப் பலர் உழைத்திருக்கிறார்கள். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் தம் வாழ்நாளில் பல்லாயிரம் தட்டுகளைச் சேர்த்தார். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தட்டுகளும் கிராமபோன் பாட்டுப் புத்தகங்களும் இருக்கின்றன. ஓடியன், யங் இந்தியா தட்டுகள் பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டத்தில் எண்மமாக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பிரதி உடைந்தாலும் அதே பதிவு இன்னொரு வீட்டுப் பரணில் கிடைக்கலாம். கேட்டவர்களின் கதைக்கு அப்படி மறுபிரதி கிடையாது. தட்டு கடைக்குக் கடை கைமாறும்போது முதலில் உதிர்வது அதுதான்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கலாம். பழைய அரக்குத் தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். வெயில் படாமல் நிமிர்த்தி வையுங்கள். உறையில் யாராவது பேனாவால் எழுதியிருந்தால் அழிக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அதைப் போட்டவர் வீட்டில் இன்னும் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து எங்கே, எப்போது, யாருக்காகப் போட்டார் என்று கேட்டு எழுதுங்கள். பாட்டை வேறு இடத்திலும் தேடிக்கொள்ளலாம். அது உங்கள் தெருவில் ஒலித்த விவரம் அவர் ஒருவரிடம்தான் இருக்கிறது.