எட்டு முழச் சால்வை

இலங்கையில் இரண்டு கொச்சிக்கடைகள் இருக்கின்றன. ஒன்று கொழும்புத் துறைமுகத்தின் மதிலோடு ஒட்டிக் கிடப்பது. அந்தோனியார் கோயில், கருங்கல்லில் எழுந்த பொன்னம்பலவாணேசர் கோயில், பாங்கோசை கேட்கும் தூரத்தில் பள்ளிவாசல்கள், மூட்டை சுமக்கும் நாட்டாமிகள், செட்டியார் தெருவின் நகைக்கடைகள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் எங்கள் கொச்சிக்கடை. மற்றது நீர்கொழும்புக்கு வடக்கே மகா ஓயா கரையில் உள்ளது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாத வெளியூர்க்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அந்தக் குழப்பத்தில்தான் எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்தான். முகநூலில் என் பெயருக்குக் கீழே ஊரைப் பார்த்துவிட்டு, நீங்கள் எங்கள் பக்கமா என்று 2012இல் ஒரு பையன் எழுதினான். இல்லை, நான் அந்தோனியார் கோயில் கொச்சிக்கடை என்றேன். அப்படியென்றால் செவ்வாய்க்கிழமைகளில் உங்கள் வீட்டைத் தாண்டித்தான் என் அம்மா மெழுகுவர்த்தியோடு போகிறார் என்றான். கத்தோலிக்கப் பையன். பாடசாலையில் சிங்களம், வீட்டில் பாட்டியோடு மட்டும் தமிழ். நீர்கொழும்புக் கரையோரத்தில் இது புதினமல்ல. எங்களுக்குள் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். இருவருக்கும் 'டொக்டர் ஹூ' பைத்தியம்.

இதைப் படிக்கும் பெரியவர்களுக்காகச் சொல்ல வேண்டும். 'டொக்டர் ஹூ' பி.பி.சி. தொலைக்காட்சியில் 1963 நவம்பர் 23ஆம் திகதி தொடங்கிய நாடகத் தொடர். நீல நிறப் பொலிஸ் பெட்டி ஒன்றில் ஏறிக் காலத்துக்குள் முன்னும் பின்னும் போய்வரும் ஒரு மனிதரின் கதை. மனிதர் என்பதும் சரியல்ல, வேற்றுக் கிரகத்தவர். முதலில் நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு 1966இல் உடல்நிலை இடங்கொடாதபோது, தொடரை முடிப்பதற்குப் பதிலாக, இவர் சாகும் தறுவாயில் வேறு உடம்பு எடுத்துக்கொள்வார் என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு தந்திரத்தால் தொடர் அறுபது ஆண்டுகளைத் தாண்டியது. நடிகர்கள் மாறிக்கொண்டேயிருப்பார்கள், ஆள் ஒருவரே.

உம்மாவுக்கு இதை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு பெரிது.

"அவருக்குப் பேரில்லையா மகள்?"

"டொக்டர்தான் உம்மா பேர்."

"எந்த ஆஸ்பத்திரியில?"

இப்படியாக நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்தோம். கண்டியிலிருந்து ஒரு சிங்களப் பெண், வெள்ளவத்தையிலிருந்து வங்கியில் வேலை செய்த ஒரு தமிழர், தெஹிவளையில் ஒரு பறங்கியர், நீர்கொழும்புப் பையன், நான். மூன்று வருடங்கள் இரவிரவாக எழுதிக்கொண்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

2015 ஆகஸ்ட் மாத இறுதியில் முதலாவது 'லங்கா கொமிக் கொன்' நடந்தது. 'கீக் க்ளப் ஒஃப் ஸ்ரீலங்கா' என்ற இளைஞர் அமைப்பினர், டீ.ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள கண்காட்சி மண்டபத்தில் இரண்டு நாட்களுக்கு நடத்தினார்கள். சித்திரக்கதை, திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் என்று எதற்கெல்லாம் இரசிகர்கள் உண்டோ அவர்களெல்லாம் தங்களுக்குப் பிடித்த பாத்திரத்தின் வேடத்தில் வந்து கூடுவது. அமெரிக்காவில் இது பழைய கதை. 1972 ஜனவரியில் நியூயோர்க் ஹோட்டலொன்றில் 'ஸ்டார் ட்ரெக்' இரசிகர்கள் கூட்டிய முதல் பெரிய மாநாட்டுக்குச் சில நூறு பேர் வருவார்கள் என்று பார்த்திருக்க, மூவாயிரத்துக்கு மேல் வந்து குவிந்தார்கள். தொடர் நிறுத்தப்பட்டு மூன்று வருடங்களுக்குப் பிறகு! அந்த வகை எழுத்தின் பெரும்புள்ளிகளில் ஒருவரான ஆதர் சி. கிளார்க் 1956 முதல் 2008இல் கண்மூடும் வரை இந்த இலங்கையில்தான் வாழ்ந்தார். அவர் இருந்த நகரத்துக்கு இப்படியொரு கூட்டம் வந்து சேர அவர் போய் ஏழு வருடங்கள் எடுத்தன என்பது என்னவோபோல் இருக்கிறது.

நான் போக வேண்டும் என்றேன். முகம் தெரியாத ஆட்களைப் பார்க்க இருபத்தாறு வயதுக் குமரை எப்படி அனுப்புவது என்று வீட்டில் மாநாடு கூடியது. கடைசியில் வாப்பா, "நானும் வாறன்" என்றார்.

வேடம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. 1974 முதல் 1981 வரை டொக்டராக நடித்த டொம் பேக்கரின் அடையாளம் ஒரு மகா நீளச் சால்வை. அதற்கும் ஒரு கதையுண்டு. பின்னுவதற்குக் கொடுத்த பெண்ணிடம் தேவைக்கு மேல் நூலைக் கொடுத்துவிட்டார்களாம். அவர் மிச்சம் வைக்காமல் அத்தனையையும் பின்னிவிட்டாராம். தொப்பி பின்னிப் பழகிய கை உம்மாவுடையது. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் ஏழு நிறத்தில் கம்பளி நூல் வாங்கிக் கொடுத்தேன். "கொழும்புல ஐஸ் விழப்போகுதா?" என்று கேட்டுக்கொண்டே, மூன்று கிழமையில் எட்டு முழத்துக்குப் பின்னிக் கொடுத்தார். கறுப்பு அபாயா, தலையில் பர்தா, அதற்கு மேல் இந்தச் சால்வையைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, மிச்சம் முழங்காலில் தட்ட, ஓட்டோவிலிருந்து இறங்கினேன். வாப்பா வழமைபோல் வெள்ளைச் சாரன், சேர்ட்.

உள்ளே பேரிரைச்சல். ரிஜிபோமில் வெட்டி வெள்ளி நிறம் பூசிய கவசங்கள், கடதாசி வாள்கள், முகமூடிகள். பாதிப் பேருக்கு முகமே தெரியவில்லை. அதைப் பற்றி யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவுமில்லை. (முகத்தை மூடுவதை 2019 ஏப்ரல் 29இல் அவசரகாலச் சட்டத்தின் கீழ் தடை செய்தபோது எனக்கு ஏனோ இந்த மண்டபம்தான் ஞாபகம் வந்தது.) நீர்கொழும்புப் பையன் என் சால்வையைக் கண்டுதான் ஓடி வந்தான். எழுத்தில் பெரிய வாயாடி, நேரில் வெட்கத்தால் தலை நிமிரவில்லை. கண்டிக்காரி அதற்கு மறுதலை, எழுதுவது இரண்டு சொல், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள்.

லுஹருக்கு இடம் தேடினோம். கடைகளுக்குப் பின்னால் பெட்டிகள் அடுக்கிய ஒரு மூலையைக் காட்டினார்கள். கிப்லா எந்தப் பக்கம் என்று வாப்பா யோசித்துக்கொண்டிருக்க, உச்சிமுதல் உள்ளங்கால்வரை கறுப்புக் கவசம் அணிந்த டார்த் வேடர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். தலைக்கவசத்தைக் கழற்றினால் உள்ளே வியர்த்து நனைந்த ஒரு பொடியன். ஸலாம் சொன்னான். கைத்தொலைபேசியில் திசை பார்த்துச் சொல்லிவிட்டு, சிவப்பு வாளைச் சுவரில் சாய்த்து வைத்து, வாப்பாவுக்குப் பக்கத்தில் தொழ நின்றான். "நல்ல பிள்ள" என்று வாப்பா இன்றைக்கும் சொல்வார்.

2022 ஜூனில் 'மிஸ் மார்வல்' தொடரின் முதல் அத்தியாயத்தைப் பார்த்தேன். ஜேர்சி நகரத்துப் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண் கமலா கான், இரசிகர் மாநாட்டுக்குப் போகத் துடிக்கிறாள். போகலாம், ஆனால் வாப்பாவும் கூட வருவார் என்கிறது வீடு. மனிதர் பச்சை நிறம் பூசி ஹல்க் வேடத்தில் வந்து நிற்கிறார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பிள்ளை மறுத்து, திருட்டுத்தனமாகப் போகிறாள். எனக்கு அந்தத் தேவை இருக்கவில்லை. ஏனென்றால் அன்று மண்டபத்தில் என்னைவிட அதிகமாக அனுபவித்தவர் வாப்பாதான்.

காரணம் தெஹிவளைக்காரர் சொன்ன ஒரு செய்தி. அறுபதுகளில் ஒளிபரப்பான அத்தியாயங்களில் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றைப் பி.பி.சி. இழந்துவிட்டது. நாடா விலையுயர்ந்தது என்பதால் பழையதை அழித்து அதன் மேலேயே புதியதைப் பதிந்தார்கள், பிரதிகளையும் எறிந்தார்கள். 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரில் ஒன்பது அத்தியாயங்கள் அகப்பட்டன என்று வெளியான செய்தி உலகச் செய்தியானது. ஆனால், காணாமற்போன அத்தியாயங்கள் அனைத்தினதும் ஒலி மட்டும் இருக்கிறது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் சிலர் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு வீட்டிலேயே பதிந்து வைத்திருந்தார்கள். நிறுவனம் தொலைத்ததை இரசிகன் காப்பாற்றினான்.

வாப்பா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூச்சு விடாம இரிக்கணும். பக்கத்துல பிள்ள அழுதா அதுவும் விழும்" என்றார்.

வாப்பா இலங்கை வானொலிப் பைத்தியம். தேசிய சேவை, வர்த்தக சேவை, முஸ்லிம் நிகழ்ச்சி எல்லாம் அவருக்குத் தொழுகை நேரங்களைப் போல மனப்பாடம். பி.எச். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' ஒலிப்பதிவைப் பார்க்க வரிசையில் நின்றவர். நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை போட்டு, தன் பெயர் வாசிக்கப்படும்வரை வானொலிப் பெட்டியைவிட்டு நகராமல் இருந்தவர். கசட் ரெக்கோடர் வாங்கிய நாளிலிருந்து எல்லாவற்றையும் பதிந்தார். உம்மும்மாவுக்கு அரபுத்தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். அவர் தேடியெடுத்துக் கேட்க வேண்டுமென்று கசட்டுகளின் மேல் அரபுத்தமிழிலேயே எழுதி ஒட்டினார். நாடகம், கவியரங்கு, பாட்டு, கிராஅத் எல்லாம் கலந்து இரண்டு தகரப்பெட்டி.

அன்று மாலைவரை தெஹிவளைக்காரரும் கண்டிக்காரியும் அவரைச் சுற்றி இருந்தார்கள். என் கூட்டாளிகளை நான் வாப்பாவிடம் பறிகொடுத்துவிட்டுத் தனியே சுற்றினேன்.

2019 ஏப்ரல் 21. காலை எட்டே முக்கால் அளவில் எங்கள் வீட்டு யன்னல்கள் அதிர்ந்தன. துறைமுகத்தில் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்தோம். பிறகு தெருவில் ஆட்கள் ஓடினார்கள். அந்தோனியார் கோயில். சற்று நேரத்தில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சியோன் தேவாலயம், ஹோட்டல்கள். செய்தவர்களின் பெயர்கள் வெளியில் வந்தபோது வாப்பா வானொலியை நிறுத்திவிட்டு, விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த நாள் கோயிலருகே நின்ற வான் ஒன்றும் வெடித்தது.

அன்றே முகநூலையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கம் தடைசெய்தது. அப்போதுதான் ஒன்று தெரிந்தது. ஏழு வருடங்களாகத் தினமும் கதைத்த பையனின் தொலைபேசி இலக்கம் என்னிடம் இல்லை. கட்டுவாப்பிட்டி அவன் வீட்டுப் பக்கம் என்பது மட்டும் தெரியும். ஏப்ரல் 30இல் தடை நீங்கியதும் எழுதினேன். பதில் இல்லை. படித்துவிட்டான் என்பதற்கான அடையாளம் மட்டும் விழுந்தது. வெள்ளவத்தைக்காரர், "இனி உங்கள் ஆட்கள்தான் பதில் சொல்ல வேண்டும்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டார். அவரோடு வாதாட எனக்குச் சக்தி இருக்கவில்லை.

வீடு வீடாகச் சோதனை தொடங்கியது. அரபெழுத்து இருந்த எதுவும் ஆபத்து என்றாகியிருந்த நாட்கள். மார்க்க நூல்களைக் கிணற்றில் போட்டவர்களும் மண்ணில் புதைத்தவர்களும் உண்டு. கப்பற் சுக்கான் படம் போட்ட சட்டையைத் தர்மச் சக்கரம் என்று சொல்லி ஹசலகவில் ஒரு பெண்ணைப் பிடித்து உள்ளே போட்டார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பெட்டி நிறைய அரபெழுத்து. உள்ளே இருப்பது பாட்டென்று யாருக்கு யார் போட்டுக் காட்டுவது? கசட் ரெக்கோடரே பழுதாகிப் பல காலம். கடலில் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன் என்றார் வாப்பா. மூச்சு விடாமல் பதிந்தவர்.

கண்டிக்காரியிடம் நான் உதவி கேட்கவில்லை. நடப்பதைச் சொன்னேன், அவ்வளவுதான். மறுநாள் முற்பகலில், முன்பின் வந்திராத எங்கள் ஒழுங்கைக்குள் தன் தம்பியோடு ஒரு வானில் வந்து இறங்கினாள். வெள்ளை ஒசரி உடுத்திருந்தாள். பன்சலைக்குப் போகிற தோரணை. சோதனைச் சாவடிகளைத் தாண்ட வேண்டுமே! பெட்டிகளின் மேல் பூக்கூடைகளை அடுக்கினாள். உம்மா தேநீர் போடுவதற்குள் புறப்பட்டுவிட்டாள். மே 13இல் மினுவாங்கொடையில் கடைகள் எரிந்த இரவு, "பெட்டிகள் சுகம்" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். அலுமாரியிலிருந்து சால்வையை இழுத்த சீருடைக்காரர் அது முடிவில்லாமல் வருவதைக் கண்டு இது என்ன என்றார். தொலைக்காட்சி நாடகத்தில் டொக்டர் போடுவது என்று சிங்களத்தில் சொன்னேன். "எந்த ஆஸ்பத்திரி?" என்று அவரும் கேட்டார். உம்மா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

அந்தோனியார் கோயில் 2019 ஜூன் 12இல் திருத்தப்பட்டுத் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை நீர்கொழும்புப் பையன் எழுதினான்: அம்மாவோடு வந்திருக்கிறேன், தெருமுனைக்கு வர முடியுமா? அபாயாவோடு அந்தப் பக்கம் போவதற்கு அந்நாட்களில் நெஞ்சு வேண்டும். வாப்பாவோடு போனேன். அவனுடைய மாமி கட்டுவாப்பிட்டியில் போய்விட்டார் என்றான். அவன் அம்மா சற்றுத் தள்ளி, எங்கள் பக்கம் திரும்பாமல் நின்றார். "அம்மாவுக்கு இன்னும் காலம் வேணும், அக்கா" என்றான். நான் சரி என்றேன். அன்றிலிருந்து எழுதுகிறான், முன்னைப்போல் அல்ல. அம்மா இன்னும் பேசியதில்லை.

ஒகஸ்டில் கண்டிக்காரி பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினாள். ஒரு கசட் குறையவில்லை. பூஞ்சணம் பிடித்தவற்றைத் துடைத்து, தம்பியின் உதவியோடு ஒவ்வொன்றாக ஓடவிட்டு, எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி, விரலளவு கருவியொன்றில் போட்டுக் கொடுத்தாள். தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவள் மூன்று மாதம் இரவிரவாக அதைக் கேட்டிருக்கிறாள். மடிக்கணினியில் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். நேயர் விருப்பம். பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகிறார்: அக்குறணை, புத்தளம், காத்தான்குடி, பேருவளை, ஹட்டன், வல்வெட்டித்துறை.

"பாட்டு விளங்குகிறது. இந்த நீளப் பட்டியல்தான் ஒவ்வொன்றிலும் வருகிறது. இவர்களெல்லாம் யார், அங்கிளின் கூட்டாளிகளா?" என்று வாப்பாவிடம் கேட்டாள்.

வாப்பா கொஞ்சம் யோசித்தார்.

"ஓம். ஒருத்தரையும் கண்டதில்ல" என்றார்.