கேப்டன் ஹட்டெராஸும் காலனிப் பிள்ளைகளும்

நவம்பர் 22, சனி

ஜூல்ஸ் வெர்னின் ஹட்டெராஸ் நாவலை இன்று ஆரம்பித்தோம். 1866-இல் புத்தகமாக வந்தது. வட துருவத்தை யாருமே எட்டியிராத காலம். வாசிப்புக்கு வந்திருந்தவர்கள் மும்பை அணுசக்தி நகரின் தமிழ்ப் பிள்ளைகள், ஏழாவதும் எட்டாவதும். புத்தகம் ஆங்கிலச் சுருக்கம், பேச்சு தமிழில், சண்டை மட்டும் இந்தியில்.

புத்தகத்தோடு ஒரு ஆக்டிவிட்டி புக்கும் வாங்கியிருந்தேன். குறுக்கெழுத்து, கோடிட்ட இடம், பெங்குவினுக்கு வர்ணம், தெர்மோகோல் இக்லூ. "வட துருவத்துல பெங்குவின் ஏது ஆன்ட்டி?" என்று ஒருத்தன் கேட்டான். அந்தப் பக்கத்தைக் கிழித்தாயிற்று. இக்லூவும் வேண்டாம் என்று விட்டேன். அலங்காரத் தெர்மோகோலுக்கு மகாராஷ்டிராவில் 2018-லேயே தடை வந்துவிட்டது. தடை இல்லாவிட்டாலும் அதைச் செய்யப்போவது அப்பாக்கள்தானே. பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் (பி.ஏ.ஆர்.சி.) வேலை பார்க்கிற அப்பா ராத்திரி உட்கார்ந்து செய்கிற இக்லூ அளவு பிசகாமல் இருக்கும். பிள்ளைக்குக் கதை தெரிந்திருக்காது. எந்த வேலை கொடுத்தாலும், முடித்ததும் பிள்ளை புத்தகத்தை மறுபடி புரட்ட வேண்டும். புரட்டவில்லையென்றால் அது வெறும் கைவேலை.

நவம்பர் 29, சனி

கப்பல் டாக்டர் கிளாபானி, கரடியைச் சுடுவதற்கு உறைந்த பாதரசத்தைக் குண்டாக்கும் இடம். பாதரசம் உறைவது மைனஸ் 38.83 டிகிரியில் என்று ஒரு பெண் வீட்டிலேயே பார்த்து வந்திருந்தாள். எங்கள் ஃப்ரீசர் மைனஸ் 18. ஜனவரியில் 15 டிகிரி வந்தாலே ட்ராம்பேயில் மங்கி கேப் போடுகிறவர்கள் நாங்கள். ஐஸ் தண்ணீரில் கையைக் கொஞ்சம் வைத்திருந்து, அதே கையால் கப்பல் நாட்குறிப்பு எழுதச் சொன்னேன். எழுத்து கோணலாகப் போனது. "இந்தக் கையை வெச்சுக்கிட்டு டாக்டர் எப்படிக் குண்டு செஞ்சாரு?" என்று உடனே புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

பன்னிரண்டாவது படிக்கும் அக்கா ஒருத்தியும் வந்து உட்கார்ந்தாள். அவள் பாடத்தில் சென்னைக்காரர் திஷானி தோஷியின் அண்டார்க்டிகா பயணக் கட்டுரை இருக்கிறது. பனியில் கப்பல் நின்றுபோய், எல்லோரும் இறங்கி உறைந்த கடல்மேல் நடக்கிற பத்தியை வாசித்துக் காட்டினாள். பரீட்சைக்கு அதில் என்ன கேட்பார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னாள், பாவம்.

டிசம்பர் 6, சனி

மீன் வாங்கப் போன இடத்தில் ஒரு தெர்மோகோல் பெட்டி கேட்டு வாங்கி வைத்திருந்தேன். சிக்கிமுக்கி தொலைந்த பிறகு டாக்டர் பனிக்கட்டியை லென்ஸாகச் செதுக்கி நெருப்பு மூட்டுவாரே, அதற்காக. சும்மா ஃப்ரீசரில் வைத்தால் நான்கு பக்கமும் உறைந்து, தண்ணீரில் கரைந்திருந்த காற்று நடுவில் மாட்டிப் பால் மாதிரி வெளுத்துவிடும். பெட்டிக்குள் டப்பாவை வைத்து மேல்பக்கத்தை மட்டும் திறந்து விட்டால், உறைவது மேலிருந்து கீழே இறங்கும், காற்றும் அடிக்குப் போகும். முழுக்க உறையும் முன் எடுத்து அடியை வெட்டினால் மேலே கண்ணாடி. அதைச் சற்றே சூடான இரும்புச் சட்டிக் குழியில் இருபுறமும் மாற்றி மாற்றித் தேய்த்தோம். சட்டியின் வளைவு பனியில் இறங்கியது.

மொட்டைமாடியில் மத்தியான வெயில். கறுப்புத் தாளின்மேல் ஒரு வெள்ளைப் பொட்டு சுருங்கிச் சுருங்கி நின்றது, புகை வந்தது, நெருப்புப் பிடிக்கவில்லை. லென்ஸ் சொட்டிக்கொண்டே இருந்தது. "வெர்ன் சும்மா அளந்து விட்டிருக்கார்" என்றான் ஒருத்தன். இல்லை, வில்லியம் ஸ்கோர்ஸ்பி என்ற திமிங்கல வேட்டைக் கப்பல் கேப்டன் பனி லென்ஸால் மாலுமிகளின் சுங்கானைப் பற்றவைத்ததை 1820-லேயே எழுதியிருக்கிறார். அப்புறம்தான் பக்கம் புரண்டது: டாக்டரின் லென்ஸ் சுமார் ஓர் அடி அகலம், எங்களுடையது உள்ளங்கை அளவு. போதாததற்குப் பனியின் ஒளிவிலகல் எண் 1.31தான், கண்ணாடியைவிடக் குறைவு. இதைச் சொன்னதும் பாதரசப் பெண்தான்.

டிசம்பர் 13, சனி

இன்றுதான் கதைக்குள் போனோம். ஃபார்வர்ட் கப்பல் கிளம்பும்போது கேப்டன் யார், எங்கே போகிறோம் என்று மாலுமிகளுக்குத் தெரியாது; உத்தரவெல்லாம் கடிதத்தில் வரும். சாதாரண மாலுமி வேஷத்தில் இருந்த ஹட்டெராஸ் நடுவழியில்தான் தன்னைக் காட்டிக்கொள்கிறார். நிலக்கரி தீர்கிறது, ஆட்கள் கப்பலுக்கே தீ வைத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். ஆளுக்கொரு மாலுமியைச் சீட்டில் எழுதிக் கொடுத்து ஓட்டெடுப்பு வைத்தேன்: வடக்கே போவதா, திரும்புவதா? எனக்குப் பிடிக்கும் என்றெல்லாம் சொல்லக்கூடாது, அந்த மாலுமி பேசிய பக்கத்தைக் காட்ட வேண்டும்.

முதல் சுற்றில் கேப்டன் ஜெயித்தார். நிலக்கரி எரிந்த கணக்கைப் படித்த பிறகு பாதிப் பேர் கட்சி மாறினார்கள்.

"நிறையச் சம்பளம் குடுத்தாருல்ல?"

"எங்க போறோம்னு சொல்லாம கூட்டிட்டுப் போனா, சம்பளம் குடுத்தா சரியாயிடுமா?"

நம் முதல் அண்டார்க்டிகா பயணத்தைச் சொன்னேன். 1981 டிசம்பர் 6 அன்று, எஸ்.இசட். காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து போலார் சர்க்கிள் கப்பலில் கிளம்பினார்கள். 1982 ஜனவரி 9-இல் இறங்கினார்கள். அதுவரை ஊருக்கு மூச்சுக் காட்டவில்லை. "ஆனா கூடப் போனவங்களுக்குத் தெரியும்ல?" என்றது ஒரு கட்சி. மூலையிலிருந்த பொடியன், "எங்கப்பாவும் ஆபீஸ்ல என்ன பண்றார்னு சொல்லவே மாட்டார்" என்றான். அத்தனையும் சிரித்தன; எங்க அப்பாவும், எங்க அம்மாவும் என்று வரிசையாக வந்தது. அப்பாவுக்கே தெரியாமல் அப்பாவை எங்கேயாவது அனுப்பினால் என்ன செய்வார் என்று கேட்டேன். ஹட்டெராஸுக்கு மிச்சமிருந்த ஓட்டும் போனது.

கிளம்பும்போது ஒருத்தி, "தீ வெச்சவங்க ஊர் போய்ச் சேர்ந்தாங்களா?" என்றாள். எங்கள் சுருக்கப் புத்தகத்தில் அது இல்லை. முழு நாவலில் இருக்கிறது: திரும்பும் வழியில் அவர்களுடைய பிணங்கள் கிடைக்கும், கடைசியில் ஒருவரையொருவர் தின்ற அடையாளத்தோடு. பன்னிரண்டு வயசுக்கு இதை எப்படிச் சொல்வது? சுருக்கியவர் வெட்டியது நியாயம் என்று போன மாதம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் ஓட்டுப் போட வைத்தது நான். போட்ட பக்கம் எங்கே போய் முடிந்தது என்று கேட்க அவர்களுக்குப் பாத்தியதை உண்டு. அடுத்த சனிக்கு அந்த அத்தியாயத்தை முழுப் புத்தகத்திலிருந்து ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். அதற்குமுன் அம்மாக்களுக்கு ஒரு ஃபோன்.